நெடுஞ்சாலையில் 68, மலையேற்றத்தில் 106: கூலண்ட் வெப்பநிலை ஏன் இப்படித் தாறுமாறாகக் காட்டுகிறது?

கேள்வி: காரவள்ளிப் பயணி

வணக்கம். என்னிடம் 2013 ஆம் ஆண்டில் வாங்கிய, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய கார் உள்ளது. இதுவரை 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இந்த வண்டியின் டேஷ்போர்டில் வெப்பநிலை முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கும், அளவுக்கு மீறிச் சூடானால் ஒரு சிவப்பு விளக்கும் எரியும், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லாததால், ஸ்டீயரிங்குக்குக் கீழே, எஞ்சின் தகவல்களைப் படிப்பதற்கென உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவி ஒன்றை வாங்கி, கைப்பேசிச் செயலி வழியாகக் கூலண்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின்) வெப்பநிலையைக் கவனித்து வருகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு வாட்டர் பம்பிலிருந்து கூலண்ட் கசிந்தது. எங்கள் ஊரில் ஒரு பட்டறையில் கொடுத்துப் பம்பையும் பெல்ட்டையும் மாற்றினேன். அதற்குப் பிறகு லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 14.5க்கு இறங்கிவிட்டது. கருவியை வாங்கியதே அந்தச் சந்தேகத்தில்தான்.

நான் குறித்து வைத்திருக்கும் அளவுகள் இவை. காலையில் வண்டியை எடுக்கும்போது 31 டிகிரி. நாமக்கல்லிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினாலும் 66க்கும் 70க்கும் இடையிலேயே நிற்கிறது. சேலம் நகர நெரிசலில் நுழைந்ததும் 93 முதல் 97 வரை ஏறுகிறது. ஃபேன் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடியும் ஓடுகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் ஏசியுடன் கொல்லிமலைக்குச் சென்றோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முப்பதாவதை நெருங்கும்போது 101 ஆனது. நாற்பத்தைந்தைத் தாண்டியதும் 106 காட்டியதால் பயந்துபோய் ஓரமாக நிறுத்தினேன். ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆவி எதுவும் வரவில்லை, சிவப்பு விளக்கும் எரியவில்லை. எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் நிற்க வைத்ததும் 94க்கு இறங்கியது. திரும்பி இறங்கும்போது இதற்கு நேர்மாறாக, 55க்கு வந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீல விளக்கு மறுபடியும் எரிந்தது.

இன்னொன்றும் உண்டு. மோசமான சாலையில் குலுங்கியபோது இரண்டு முறை, திரையில் மைனஸ் 40 என்று ஒரு கணம் வந்து மறைந்தது. அந்தக் கணத்தில் ஃபேன் தானாக ஓடத் தொடங்கியது. கூலண்டின் ரிசர்வ் டேங்கில் இந்த இரண்டு மாதங்களில் ஒரு விரல் அளவு குறைந்திருக்கிறது.

பட்டறையில் கேட்டால், "அந்தச் சின்னக் கருவி தப்பாகத்தான் காட்டும், மனநிம்மதிக்கு வேண்டுமானால் சென்சாரை மாற்றிவிடலாம்" என்கிறார்கள். சென்சாரா, ரேடியேட்டரா, கருவியா என்று தெரியாமல் பணத்தைச் செலவிட விருப்பமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: மின்கம்பி

கருவியின் மீதுள்ள பழியை முதலில் நீக்கிவிடுகிறேன். நீங்கள் செருகியிருக்கும் கருவி எதையும் அளப்பதில்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, தன் சென்சாரிலிருந்து கணக்கிட்டு வைத்திருக்கும் எண்ணைத்தான் கேட்டு வாங்கிக் காட்டுகிறது. ஆகவே திரையில் வருவது தவறு என்றால், அதே தவறான எண்ணை வைத்துத்தான் ஈசியூ பெட்ரோலின் அளவையும் ஃபேனையும் தீர்மானிக்கிறது என்று பொருள். அது கருவியைத் தூக்கிப் போட்டால் தீர்ந்துவிடும் விஷயம் அல்ல.

மைனஸ் 40ஐ வெப்பநிலையாக நினைக்க வேண்டாம். ஓபிடி முறையில் கூலண்ட் வெப்பநிலை 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாக வருகிறது. அதிலிருந்து 40ஐக் கழித்தால் டிகிரி கிடைக்கும். அளவுகோலின் அடிமட்டமே மைனஸ் 40. இந்தச் சென்சாரின் மின்தடை, குளிரக் குளிரக் கூடும், சூடாகச் சூடாகக் குறையும். கம்பி ஒரு நொடி தொடர்பிழந்தால் மின்தடை எல்லையற்றதாகிவிடுவதால், ஈசியூ அதைக் கடுங்குளிர் என்று படிக்கிறது. அதே சமயம் சென்சாரை நம்ப முடியாது என்று உணர்ந்து, எஞ்சினைக் காக்க ஃபேனை ஓட விடுகிறது. (சில வண்டிகளில் மைனஸ் 40க்குப் பதிலாக ஈசியூ ஏதாவது ஒரு மாற்று மதிப்பைக் காட்டும், உங்கள் வண்டி உண்மையைச் சொல்லிவிட்டது.) ஆகவே சென்சாரின் கனெக்டர் எங்கோ தளர்ந்திருக்கிறது. எஞ்சினை ஓட விட்டு, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளி நின்று, அந்தக் கம்பியை மெதுவாக அசைத்தபடி ஒருவரைத் திரையைப் பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

மற்ற அளவுகளுக்குச் சென்சாரைக் குற்றம் சொல்ல முடியுமா என்பதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியில், எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஆனால் பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. இந்த வகைச் சென்சார்களில் பெரும்பாலானவற்றுக்கு 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம் மின்தடை இருக்கும். 80 டிகிரியில் அது 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கனெக்டரில் பச்சைக் களிம்பு படிந்து 50 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால், குளிர்ந்த நிலையில் ஒரு டிகிரி கூட மாறாது. சூடான நிலையிலோ ஐந்தாறு டிகிரி குறைத்துக் காட்டும். எனவே சூடான நிலையிலும் சரிபார்க்க வேண்டும். இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் சென்சாருக்கு அருகிலுள்ள ரப்பர் ஹோஸின் மீது காட்டுங்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மீது நேராகக் காட்டினால் அது மிகவும் குறைத்துச் சொல்லும்; வேறு இடமில்லை என்றால் அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மீது அளக்கலாம்.

என் கணிப்பைக் கேட்டால், மைனஸ் 40 ஒரு தனிக் கோளாறு; 68ம் 106ம் உண்மையான வெப்பநிலைகள். மோசமான கனெக்டர் எப்போதும் குறைத்துத்தான் காட்டும். சமவெளியில் குறைத்தும் மலையில் கூட்டியும் காட்ட அதற்குத் தெரியாது.

பதில் 2: சாலையோரம்

டேங்கில் ஒரு விரல் குறைந்திருக்கிறது என்கிறீர்கள், பாரம் இழுக்கும்போது சூடு ஏறுகிறது என்கிறீர்கள். என் பழைய வண்டியில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடிக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போனபோது தொடக்கம் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது, ஆகவே அதையும் ஒதுக்கிவிடாதீர்கள். காலையில் எஞ்சினை இயக்கி ஓரிரு நிமிடங்களுக்குள், கூலண்ட் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் போல் இறுகினால், சிலிண்டரின் வாயு உள்ளே புகுகிறது என்று அர்த்தம். ரேடியேட்டர் வாயில் வைத்து நீல நிறத் திரவம் கொண்டு பார்க்கும் சோதனைக் கருவியும் பட்டறைகளில் உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாக மாறும். மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே வேண்டாம். எனக்கு முன்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

பதில் 3: பழைய ஸ்பேனர்

முப்பது ஆண்டுகள் லாரி எஞ்சின்களிலும் கார் எஞ்சின்களிலும் கை வைத்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி கேட்கிறேன்: பம்பை மாற்றியபோது, சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டர் வழியைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டை மறுபடியும் மாட்டினார்களா?

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய லாரிகளில் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் நடுவழியில் எஞ்சின் கொதித்துவிடும் என்ற பயத்தில், வேலைக்கு வரும்போதே அதைக் கழற்றிவிடுவார்கள். "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு, குளிர் நாட்டுக்காரனுக்கு வைத்தது" என்று நானே என் குருவிடமிருந்து கேட்டு, சில ஆண்டுகள் அதைச் செய்தும் இருக்கிறேன். அந்தப் பழக்கம் கார்களுக்கும் வந்துவிட்டது. கழற்றியவர் அதை உங்களிடம் சொல்வதில்லை. உதவி செய்ததாகவே நினைத்துக்கொள்வார்.

உங்கள் அளவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நீல விளக்குதான். மலையிறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்தபடி இறங்கும்போது எஞ்சினில் சூடு உண்டாவதே மிகக் குறைவு. தெர்மோஸ்டாட் இருந்தால் 82 டிகிரிக்குக் கீழே ரேடியேட்டர் வழியை மூடிவிடும். கூலண்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சூட்டைக் காத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் 55க்கு இறங்குகிறது என்றால், ரேடியேட்டருக்குப் போகும் கதவு திறந்தே கிடக்கிறது. தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்க வேண்டும், அல்லது இல்லவே இல்லை. நெடுஞ்சாலையில் 68 என்பதும் அதே காரணத்தால்தான்.

"அப்படியானால் மலையில் இன்னும் நன்றாகக் குளிர வேண்டுமே, 106 எப்படி வந்தது?" என்று கேட்பீர்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பல கார் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. கையில் எடுத்துப் பார்த்தால், மேலே ஒரு வால்வு, நடுவில் மெழுகு அடைத்த பித்தளைக் குப்பி, அடியில் ஸ்பிரிங்குடன் தட்டையான ஒரு வட்டத்தகடு இருக்கும். மெழுகு உருகி விரியும்போது மேல் வால்வு திறந்து ரேடியேட்டர் வழியைக் கொடுக்கிறது. அதே அசைவில் அடித்தகடு நகர்ந்து, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியின் ஓட்டையை அடைக்கிறது. முழுச் சூட்டில் கூலண்ட் மொத்தமும் ரேடியேட்டர் வழியாகப் போயே ஆக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் பொருளையே கழற்றிவிட்டால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்திருக்கும். தண்ணீருக்குக் குறுக்கு வழி பிடிக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை விட அகலமான பைபாஸ் எளிது என்பதால், ஒரு பங்கு கூலண்ட் குளிராமலேயே எஞ்சினுக்குத் திரும்பிவிடுகிறது. சமவெளியில் சூடு குறைவு, எதிர்க்காற்று அதிகம். ரேடியேட்டருக்குப் போகும் பங்கே தேவைக்கு மேல் குளிர வைத்துவிடும். நான்கு பேருடன், ஏசி ஓட, இரண்டாம் கியரில் மெதுவாக மலையேறும்போது சூடு பல மடங்கு, காற்று கொஞ்சம். அப்போது அந்தக் குளிராத பங்கு கணக்கைக் கெடுத்துவிடும். எனவே குறைவாகக் காட்டுவதும் அதிகமாகக் காட்டுவதும் ஒரே கோளாறின் இரண்டு முகங்களாக இருக்கலாம்.

சோதித்துப் பார்க்க எதையும் பிரிக்க வேண்டாம். குளிர்ந்த எஞ்சினை இயக்கி நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சினில் கோடு வேகமாக ஏறி, 80களில் தயங்கி, ஓரிரு டிகிரி சரிந்து, பிறகு நிலைக்கும். இல்லாத எஞ்சினில் மந்தமாக ஏறிக்கொண்டே இருக்கும், தயக்கமே இருக்காது. கூடவே ரேடியேட்டரின் கீழ் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். மேல் ஹோஸைத் தொடச் சொல்வார்கள். ஆனால் தெர்மோஸ்டாட் எஞ்சினுக்குள் நுழையும் பக்கத்தில் பொருத்தப்பட்ட வண்டிகளில், அது மூடியிருந்தாலும் மேல் ஹோஸ் சூடாகும். கீழ் ஹோஸ் பொய் சொல்லாது; தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் வரை அது குளிர்ந்தே இருக்கும். ஃபேன் சொல்லாமல் சுழலத் தொடங்கும் என்பதால் கையைப் பக்கவாட்டிலிருந்தே நீட்டுங்கள்.

ஹெட் கேஸ்கெட் பற்றி நண்பர் சொன்னதையும் பார்த்துவிடுவது நல்லதே. ஆனால் ஒன்று: கொல்லிமலையின் உயரத்தில் மூடாத பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் வண்டி 106ல் ஆவி விடாமல் நின்றது என்றால், ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கூலண்டும் வெறும் தண்ணீர் அல்ல. எனக்கு அது நல்ல அறிகுறியாகத் தெரிகிறது.

காரவள்ளிப் பயணி

மூவருக்கும் நன்றி. இரண்டு நாட்கள் காலையில் சோதித்தேன்.

சாவியை மட்டும் திருப்பியபோது கூலண்ட் 29, உள்ளிழுக்கும் காற்று 30. எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓட விட்டேன். ஐந்து நிமிடத்தில் 44, பத்தில் 57, பதினைந்தில் 66, இருபத்திரண்டாவது நிமிடத்தில்தான் 78. பழைய ஸ்பேனர் ஐயா சொன்ன தயக்கமோ சரிவோ எங்குமே இல்லை. கீழ் ஹோஸ் நான்காவது நிமிடத்திலேயே இளஞ்சூடாக இருந்தது. வெப்பமானியை உறவினர் ஒருவரிடம் இரவல் வாங்கி, ஹோஸின் மீது அளந்தேன்: திரையில் 78 இருக்கும்போது அது 75 என்றது. ரப்பரின் வெளிப்புறம் என்பதால் இந்த மூன்று டிகிரி வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹோஸ் காலையில் இறுகவில்லை. வேறொரு பட்டறையில் நீலத் திரவச் சோதனை செய்யச் சொன்னேன்; கால் மணி நேரம் வைத்திருந்தும் நிறம் மாறவில்லை. அதே இடத்தில் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினார்கள். உள்ளே ஒன்றுமில்லை. ஹவுசிங்கின் உட்புறத்தில் தெர்மோஸ்டாட் உட்காரும் வட்டப் பள்ளம் மட்டும் சுத்தமாக இருந்தது; ரப்பர் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு சிலிக்கான் பசையைத் தடவி மூடியிருந்தார்கள்.

சென்சார் கனெக்டரையும் பார்த்தோம். பூட்டும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, கனெக்டர் பாதி வெளியே வந்திருந்தது. விரலால் தொட்டதும் திரையில் மைனஸ் 40. பம்ப் வேலைக்காகக் கழற்றியபோது உடைந்திருக்கலாம்.

புதிய தெர்மோஸ்டாட் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? 76 டிகிரியில் திறப்பதைப் போட்டால் மலையேற்றத்துக்கு நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார்.

பழைய ஸ்பேனர்

போட வேண்டாம். உங்கள் வண்டிக்கு நிறுவனம் குறித்திருக்கும் எண் எதுவோ அதையே வாங்குங்கள். பெரும்பாலும் தகட்டின் மீதே 82 என்பது போல் பொறித்திருக்கும். சீக்கிரம் திறப்பதால் மலையில் ஒரு பயனும் இல்லை. 100 டிகிரியில் இரண்டு வகையும் முழுமையாகத் திறந்துதான் இருக்கும். அதற்கு மேல் குளிர வைப்பது ரேடியேட்டரின் வேலை. சமவெளியில் மட்டும் எஞ்சின் தேவையில்லாமல் குளிர்ந்து, நீங்கள் இப்போது படும் பெட்ரோல் செலவில் ஒரு பங்கு தொடரும்.

அடித்தகடு இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். தகடு இல்லாத, வெளித்தோற்றத்தில் பொருந்துகிற மலிவு வகை சில நேரம் கையில் வரும்; அதைப் போட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். விளிம்பில் காற்று வெளியேறும் சிறு ஓட்டையும் அதில் ஆடும் ஊசியும் இருந்தால், அது மேல் நோக்கி இருக்கும்படி பொருத்த வேண்டும். ரப்பர் வளையம் புதிது போடுங்கள், பசை வேண்டாம். கூலண்டை ஊற்றியபின் வண்டியின் முன்பக்கத்தைச் சற்று மேடான இடத்தில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே, குளிர்ந்த எஞ்சினை இயக்கிக் குமிழிகள் நிற்கும் வரை ஓட விட்டு, பிறகு மூடுங்கள். அந்த ஒரு விரல் குறைவு, முந்தைய வேலையில் உள்ளே சிக்கிய காற்று மெல்ல வெளியேறியதால் வந்திருக்கும். இந்த முறை நிரப்பிய பிறகும் குறைந்தால் மட்டும் எழுதுங்கள்.

மின்கம்பி

கனெக்டரைக் கம்பியால் கட்டி ஒப்பேற்ற வேண்டாம். உடைந்த நாக்குள்ள கூட்டை மட்டும் மாற்றக் கிடைக்கும். கம்பிகளின் முனையிலுள்ள பித்தளை இதழ்களும் விரிந்திருந்தால் அவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். சென்சாரை மாற்றத் தேவையில்லை.

காரவள்ளிப் பயணி

மாற்றி மூன்று வாரங்கள் ஆகின்றன. காலையில் ஓட்டத் தொடங்கிய ஏழாவது நிமிடத்தில் 84ஐத் தொட்டு, 82க்குச் சரிந்து, பிறகு 86ல் நிலைத்தது. அந்தச் சரிவைத் திரையில் பார்ப்பதற்காகவே வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நெடுஞ்சாலையில் 85 முதல் 88. கொல்லிமலைக்கு அதே நான்கு பேருடன், ஏசியுடன் ஏறினேன். மிக அதிகமாகக் காட்டியது 98, அதுவும் ஃபேன் ஓடத் தொடங்கியதும் 94க்கு வந்தது. இறக்கத்தில் 79க்குக் கீழே போகவில்லை. ரிசர்வ் டேங்கின் அளவு கோட்டிலேயே நிற்கிறது. ஒரு முழு டேங்க் பெட்ரோலுக்குக் கணக்குப் பார்த்ததில் லிட்டருக்கு 16.6 வந்தது.

பழைய பம்பைப் போட்டு முதல் பட்டறையில் திருப்பிக் கொடுத்த அட்டைப்பெட்டி டிக்கியிலேயே கிடந்தது. நேற்று அதைக் காலி செய்தபோது, பம்புக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றியபடி என் பழைய தெர்மோஸ்டாட் இருந்தது. நூலில் கட்டி, வெப்பமானியுடன் தண்ணீரில் இறக்கி, தண்ணீரை மெல்லச் சூடாக்கிப் பார்த்தேன். 83ல் திறக்கத் தொடங்கியது, தண்ணீர் ஆறியதும் மூடிக்கொண்டது. அதில் எந்தக் கோளாறும் இல்லை.